அழுக்கே இல்லாத ஜபலா

இன்று காலை, அழுக்கே இல்லாத ஒரு குழந்தை ஜபலாவைத் துவைத்துக் காயப்போட்டேன்.

வீட்டில் குழந்தை கிடையாது. இரும்புலியூரில் இரண்டாவது மாடியில் நானும் சுந்தரியும் மட்டும்தான்.

சுந்தரி ஒரு பூனை. முடியே முளைக்காத ஜாதி, உடம்பில் மருந்துக்குக்கூட முடி கிடையாது. (என் தலையிலும் பாதி இல்லை. ஜாடிக்கேத்த மூடி.)

போன மாதம் அவளுக்குக் கருத்தடை ஆபரேஷன். வயிற்றில் தையல். கழுத்தில் மாட்டிய பிளாஸ்டிக் காலரோடு சுவர் சுவராக முட்டிக்கொண்டு திரிந்தாள்.

டாக்டரம்மாவுக்கு போன் போட்டேன்.

"காலரை கழட்டிட்டு குழந்தைங்க ஜபலா மாட்டிவிடுங்க சார். தையலை நக்க முடியாது, குளிரும் தாங்கும். ஆனா முடி இல்லாததால இவளுக்கு உடம்பெல்லாம் எண்ணெய் விடும். தினம் தொவைச்சதா மாத்துங்க."

தாம்பரம் மார்க்கெட்டில் கொத்தாக வாங்கி வந்தேன். பால்கனிக் கொடியில் மஞ்சளும் பச்சையுமாக ஜபலாக்கள் ஆட ஆரம்பித்தன.

ஒரு நாள் மாலை காலிங்பெல் அடித்தது. டெலிவரி ஆட்களைத் தவிர யாரும் அதைத் தொட்டதில்லை.

கீழ் வீட்டு டீச்சரக்கா. கையில் பச்சைக் குழந்தைக்குப் போடும் வசம்பு வளையல்.

"கொடியில துணி பாத்தேன் சார். ஊர்லேர்ந்து யாராவது குழந்தையோட வந்திருக்காங்களா? ஒரு எட்டு பாத்துட்டுப் போலாம்னு..."

நான் பதில் சொல்வதற்குள் மஞ்சள் ஜபலாவில் சுந்தரி வந்து நின்றாள்.

அக்கா ஜபலாவைப் பார்த்தார், சுந்தரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பூனைக்கா. ஆபரேஷன் பண்ணியிருக்கு."

மெல்லத் தொட்டுப் பார்த்தார். "என்ன சார் இப்படி கொதிக்குது, காய்ச்சலா?"

"இல்லக்கா. முடி இல்லல்ல, உடம்புச் சூடு அப்படியே கைக்குத் தெரியும்."

சிரித்தார். வளையலை ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தார். டீ போட்டேன். வீட்டில் இருந்த இன்னொரு டம்ளரில் என் பல் தேய்க்கும் பிரஷ் நின்றுகொண்டிருந்தது. தேய் தேய் என்று தேய்த்துக் கழுவினேன்.

அன்று முதல் ஸ்கூல் விட்டு வந்ததும் மாடி ஏறி வருவார். "குழந்தை எப்படி இருக்குது?" என்பார். டீ குடித்துக்கொண்டே எட்டாம் வகுப்புப் பையன்களின் சேட்டையைச் சொல்வார். பதிலுக்குச் சொல்ல என்னிடமும் இவ்வளவு இருக்கிறது என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

போன வாரம் தையல் பிரித்தாயிற்று.

"நல்லா ஆறிடுச்சு சார். இனிமே ஜபலா வேணாம்" என்றார் டாக்டரம்மா.

அக்காவிடம் சொன்னேன். "அப்பாடா" என்று சந்தோஷமாக இறங்கிப் போனார்.

அதற்குப் பிறகு வரவில்லை. பார்க்க வந்தது குழந்தையை, குழந்தைக்குக் குணமாகிவிட்டது. தப்பு சொல்ல முடியாது.

சாயங்காலமானால் சுந்தரி கதவருகே போய் உட்கார்ந்துகொள்கிறாள். அவளைப் பார்க்கிற சாக்கில் நானும் கதவைத்தான் பார்க்கிறேன். தனியாக இருப்பது எனக்குப் பழக்கம்தான். இத்தனை வருஷம் தெரியாத தனிமை இந்த ஒரு வாரமாகத்தான் தெரிகிறது.

அதனால்தான் கொடியில் அந்த மஞ்சள் ஜபலா.

அக்கா, இந்த மாதிரிப் பதிவெல்லாம் நீங்கள் படிப்பீர்களா என்று கேட்டதே இல்லை. படித்தால், சுந்தரி நன்றாக இருக்கிறாள். பால் வாங்கி வைத்திருக்கிறேன்.

டம்ளரும் புதுசு.