ஒருத்திக்கு உளுந்தஞ்சோறு

வறுசட்டியில் எள் பொரிகிற சத்தம் கேட்டால் போதும், இருக்கிற ஊரை விட்டுக் கிளம்பிவிடுகிறேன். நெய்வேலி. சின்னக் குவார்ட்டர்ஸ். பின்கட்டில் புகையடங்கிக் கனிந்த நிலக்கரிக் கட்டி அடுப்பு.

எழுபதுகளின் கடைசி. சுரங்க அலுவலகத்தில் தட்டச்சு வேலை, பர்மனென்ட் ஆகியிருந்தது. கூடக் குடியிருந்த டீச்சர் கல்யாணமாகிப் போய்விட, நான் ஒருத்தி. முதல் மாதம் பன்னும் டீயும். காலையில் வடித்த சோறே ராத்திரிக்கும். அப்புறம் நாக்கு சண்டைக்கு வந்தது. திருநெல்வேலி நாக்கு. அரை உழக்கு அரிசிக்குக் குழம்பு வைக்கக் கற்றேன். ஒரு கத்தரிக்காய், நாலு உள்ளி, சுண்டைக்காய் அளவு புளி. தேங்காய் ஒரு மூடி உடைத்தால் மூன்று நாள், அந்த மூன்று நாளும் தேங்காய் சொன்னபடி சமையல். பூசணியில் ஒரே ஒரு கீற்றுக் கேட்கிற வெட்கமும் மெல்லப் போயிற்று. ஞாயிறு என்றால் உளுந்தஞ்சோறு, எள்ளுத் துவையல்.

அப்படி ஒரு ஞாயிறு மதியம், சோறு இறக்கித் துவையல் அரைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் அண்ணன். கடிதமில்லை, தகவலில்லை. வழிகாட்டிக் கூட்டிவந்தது பக்கத்து வீட்டு அக்கா, பண்ருட்டிப் பக்கத்துக்காரர். பெருமை தாங்கவில்லை அவருக்கு.

“ஒங்க தங்கச்சிங்களா! தெனம் விருந்தாளி வந்தாப்ல வாசன வருதுங்க இது வூட்டுல. யாருக்கு இப்பிடி ஆக்கிக்கினு இருக்குதோன்னு எங்க வூட்டுக்காரரே கேப்பாரு.”

அவர் போனதும், செருப்பைக்கூடக் கழற்றாமல் அண்ணன் கேட்டான்.

“யாருக்குட்டி?”

“எதுண்ணே?”

“இந்தத் தொவையலு. தான் ஒருத்தி திங்க எவளாவது அம்மியில அரைப்பாளா?”

பன் தின்று கிடந்திருந்தால் நம்பியிருப்பான், கண்கூடக் கலங்கியிருப்பான். வாசனை என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது, நான் செய்யாத ஒன்றுக்கு.

“லீவு எழுதிக் குடுத்துட்டுக் கெளம்பு. மிச்சத்த அங்கன போயிப் பேசிக்கிடலாம்.”

கிளம்பினால் திரும்பி வருவதில்லை. அது எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். வேலை, சாவி, அடுப்பு எல்லாம் அந்த ஒரு லீவுத் தாளில் போய்விடும். சாப்பிட்டுட்டுப் பேசுவோம்ணே என்றேன், வேறென்ன சொல்ல.

தட்டில் சோற்றைப் போட்டு நல்லெண்ணெய் விட்டேன். ராத்திரி முழுக்க ரயிலில் வந்த பசி. நாலு வாயில் பாதி காலி. தட்டை நீட்டினான். பானையைச் சாய்த்துச் சுரண்டி வைத்தேன். அதையும் முடித்துவிட்டு மறுபடி நீட்டினான்.

“போடு.”

“இல்ல.”

“என்ன இல்ல?”

எழுந்து வந்து பானைக்குள் எட்டிப் பார்த்தான். எங்கள் வீட்டுப் பால் சட்டிகூட அதைவிடப் பெரிது.

“இம்புட்டுத்தானா?”

“இம்புட்டுத்தான்.”

“அப்ப ஒனக்கு?”

“எனக்கு வச்சதத்தாண்ணே நீ தின்ன.”

எச்சில் கையோடு நின்றான். பானையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். சிரிப்பு முதலில் அவன் தோளில்தான் தெரிந்தது.

“இத வச்சு ஒரு பூனையக்கூட வளக்க முடியாதுட்டி!”

நானும் சிரித்தேன். அதுவரை மூச்சை எங்கே வைத்திருந்தேன் என்று தெரியவில்லை, அது வந்தபோது கண்ணையும் நனைத்துக்கொண்டு வந்தது.

நிலக்கரி அடுப்பு லேசில் அணையாது. இன்னொரு அரை உழக்கு வைத்தேன். எங்கள் வீட்டில் அடுப்படிப் பக்கமே எட்டிப் பார்க்காதவன், சம்மணமிட்டு உட்கார்ந்து எனக்குப் பூண்டு உரித்தான். தோலோடு பாதிப் பூண்டும் போயிற்று.

“அம்மா என்ன சொல்லிவிட்டா தெரியுமா? பிள்ள மெலிஞ்சு கெடந்தா கையோட கூட்டியாந்துருன்னா.”

“மெலிஞ்சிருக்கனா?”

“எங்க! அம்மிக்கல்லு கணக்கால்லா இருக்க. அப்பிடியே போயிச் சொல்லுதேன்.”

லீவுப் பேச்சை அவன் மறுபடி எடுக்கவில்லை. எடுத்துவிடுவானோ என்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொஞ்சம் பயந்துகொண்டேதான் நடந்தேன். விருத்தாசலம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவன், வண்டி உறுமியதும் தலையை வெளியே நீட்டினான்.

“நாளைக்கு என்ன வைக்கப் போற?”

“ஆபீஸ் விட்டு மார்க்கெட்டுக்குப் போனாத்தாண்ணே தெரியும்.”