இரண்டு குட்டை, ஒரு நெட்டை

சண்முகவடிவு கத்தினால் பந்தே ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் விழும் என்று மேற்பிரிவு லயத்து வரிசை வீடுகளில் ஒரு கேலிப் பேச்சு உண்டு. வட்டகொடை ஸ்டேசனில் இறங்கி முக்கால் மணி நேரம் ஏறினால் வருகிற தேயிலைத் தோட்டம் அது. ஆண்களே பார்த்துவந்த கங்காணி வேலைக்கு அங்கே முதன்முதலாக வந்த பெண் அவள்தான். வயது ஐம்பத்திரண்டு. புருசன் போய்ச் சேர்ந்து பத்து வருசமாகிறது. மகன் நிரஞ்சன் கொழும்பில் ஒரு துணிக்கடையில் நிற்கிறான். கழுத்தில் தாலி இருந்த இடத்தில் இப்போது சிவப்புக் கயிற்றில் ஒரு பித்தளை விசில் தொங்குகிறது.

மாலை நாலரைக்கு அதை ஊதுவாள். இரண்டு குட்டை, ஒரு நெட்டை. பீப், பீப், பீ...ப். அதைக் கேட்டால் மலையில் கொழுந்து பறிக்கும் இருபத்தெட்டுப் பெண்களின் கையும் நின்றுவிட வேண்டும்; நிறுவைக்கு இறங்க வேண்டும். கீழே லயத்து வாசலில் விளையாடும் பிள்ளைகள்கூட அந்தச் சத்தத்துக்கு ஆட்டத்தை விட்டுவிட்டு நிமிர்வார்கள். அம்மா வரப்போகிறாள் என்று அர்த்தம்.

இப்படிப்பட்டவளுக்குக் கூடைப்பந்துப் பைத்தியம் பிடித்தது எட்டு வருசத்துக்கு முன்னால். தோட்டத்துப் பிள்ளைகள் படிக்கும் கல்லூரிக்குச் சிரமதானமாக, கூலியில்லாமல் புல்வெட்டப் போனவள், பெண்பிள்ளைகள் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவதைப் பார்த்து, கத்தியைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள். "காலம்பூரா நாம கூடையச் சொமக்கிறோம். இதுக நிமிந்து நின்னு கூடையில போடுதுக பாரு," என்றாள். அன்றிலிருந்து கல்லூரி எங்கே ஆடினாலும் அவள் அங்கே இருப்பாள். உடற்பயிற்சி ஆசிரியரிடம் விதிகளை எழுதிவாங்கி மனப்பாடம் செய்தாள். எதிரணி பந்தைத் தொட்டாலே "ஸ்டெப்ஸ்! ஸ்டெப்ஸ்!" என்று கத்துவாள். பாதி நேரம் அது ஸ்டெப்ஸாக இருக்காது. அதைப் பற்றி அவளுக்குக் கவலையும் கிடையாது.

நடுவர்களைப் பற்றி அவளுக்கு ஒரே கருத்துதான். "டவுன் புள்ள இடிச்சா அது ஆட்டமாம், தோட்டத்துப் புள்ள இடிச்சா ஃபவுலாம். நாள் முழுக்கப் பறிச்சவளுக்கு அரைப்பேர் போட்டு அரைக் கூலி குடுக்கிற கணக்கப்புள்ள மாதிரித்தான் இவனுகளும்." பத்திரிகைகளைப் பற்றியும் கருத்து இருந்தது, அது இன்னும் காரமானது. கொழும்புப் பையன்கள் ரக்பி ஆடினால் அரைப் பக்கம். மலையகப் பிள்ளைகள் ஜெயித்தால் நாலு வரி. அந்த நாலு வரியிலும் பெயர் பிழை. அணித்தலைவி சர்மிளாவை மூன்று வருசமாகச் 'சர்மிலா' என்றே அச்சடித்தார்கள். தேத்தண்ணி நேரத்தில் விளையாட்டுப் பக்கத்தைச் சத்தமாக வாசித்துக்காட்டும்போது, சர்மிளாவின் அம்மா ராசம்மா தவறாமல் கேட்பாள்: "பேரு சரியா போட்டுருக்கானா?" சண்முகவடிவு பத்திரிகையைப் புல்லில் அடித்து, "இன்னைக்கும் சின்ன லாதான்," என்பாள்.

இந்த வருசம் மாகாண இறுதிப்போட்டிக்கு நம் பிள்ளைகள் வந்தார்கள். ஹட்டனில், மத்தியான வெயிலில், டவுன் கல்லூரியோடு. லொறி பிடித்து முழு மேற்பிரிவும் போனது. நிறுவைக்கு ஆள் வேண்டும் என்று தோட்டத்துப் பெரிய துரை முறைத்ததையெல்லாம் யாரும் பொருட்படுத்தவில்லை.

கடைசிப் பத்து வினாடி. நாற்பத்தொன்றுக்கு நாற்பது, நாம் ஒன்று முன்னால். பந்து சர்மிளா கையில். அவள் அதைத் தட்டிக்கொண்டே நின்றால் போதும், நேரம் ஓடிவிடும். எல்லோரும் எழுந்து நின்று எண்ணிக்கொண்டிருந்தார்கள். தப்பு மேளத்தின் அடி காதைக் கிழித்தது.

அப்போது, அத்தனை இரைச்சலுக்குள், ஒரு விசில் கேட்டது.

சர்மிளா நின்றாள். பந்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். மற்ற நாலு பிள்ளைகளும் நின்றார்கள். டவுன் பிள்ளை ஒருத்தி நிற்கவில்லை. சர்மிளாவின் இடுப்பிலிருந்து பந்தைப் பிடுங்கி, ஓடி, கூடையில் போட்டாள். மணி அடித்தது. நாற்பத்திரண்டுக்கு நாற்பத்தொன்று. தனுஜா என்ற இளம் நடுவர் இரண்டு விரலைக் காட்டி, கூடை செல்லும் என்றாள்.

"விசில் கேட்டுச்சு மிஸ், கை தானா நின்னுருச்சு," என்று சர்மிளா அழுதாள்.

"நான் ஊதலம்மா," என்றாள் தனுஜா. இன்னொரு நடுவரும் தான் ஊதவில்லை என்றார். ஆனால் விசில் கேட்டது என்பதை அவரும் ஒப்புக்கொண்டார், மேசையில் நேரம் பார்த்தவர்களும் ஒப்புக்கொண்டார்கள். பந்துக்குப் பக்கத்தில் நின்றவள் தனுஜா. ஆக, ஊதிவிட்டு இல்லை என்கிறாள். அவள் ஊதியிருந்தால் ஆட்டம் அந்த இடத்தில் நின்றிருக்க வேண்டும், அந்தக் கூடை செல்லாது, கிண்ணம் நமக்கு.

சண்முகவடிவுக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்வது! தனுஜா உடப்புசல்லாவை ஊர்ப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை என்று தெரிந்ததும் அது இரட்டிப்பானது. தலவாக்கலையில் போன் கடை வைத்திருக்கும் ரிஃகான், முகநூலில் ஒரு செய்திப் பக்கமும் நடத்துகிறான். அவன் போனை நீட்டியதும் இவள் கொட்டித் தீர்த்துவிட்டாள். "என் ரெண்டு காதால கேட்டேன். அந்தப் புள்ளதான் ஊதுச்சு. நம்ம ஆளே நம்ம கழுத்த அறுத்துருச்சு. அதுக்கு இனிமே விசிலக் குடுக்கவே கூடாது." அந்தப் பேச்சை நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள். தனுஜாவின் படத்துக்குக் கீழே ஆட்கள் எழுதியதையெல்லாம் இங்கே எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. கல்லூரி முறைப்பாடு கொடுத்தது. விசாரணைக்குச் சனிக்கிழமை நாள் குறித்தார்கள். முதல் சாட்சி சண்முகவடிவு.

சும்மா வாயால் சொன்னால் போதாது, ஆதாரம் வேண்டும் என்று வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டுக்கொண்டு ரிஃகானின் கடைக்குப் போனாள். அன்று அவன் எடுத்த வீடியோ முகநூலில் இருந்தது. ஆனால் மேலே பாட்டைப் போட்டு வைத்திருந்தான்.

"ஏந்தம்பி இந்தப் பாட்டு? விசிலே கேக்கலயே."

"மியூசிக் போட்டாத்தாங்க்கா ஆளுங்க பாக்குறாங்க," என்றான் அவன் கூசாமல். "ஒரிஜினல் இதுல இருக்கு. போடவா?"

பெரிய ஸ்பீக்கரில் போட்டான். தப்பு அடி, கூச்சல், எண்ணுகிற குரல்கள். சர்மிளா பந்தைத் தட்டுகிறாள். சண்முகவடிவு மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

பீப், பீப், பீ...ப்.

முதலில் அவளுக்கு ஒன்றும் ஓடவில்லை. 'இதென்ன, நாலரை ஆயிருச்சா?' என்றுதான் மனம் போனது. பிறகுதான் உறைத்தது. எந்த நடுவர் இரண்டு குட்டை, ஒரு நெட்டை ஊதுவார்? அவர்கள் ஊதுவது ஒரே வெட்டு.

"தம்பி, திருப்பிப் போடு."

மறுபடியும் அதே சத்தம். இந்த முறை அவள் காதை விட்டுவிட்டுப் படத்தைப் பார்த்தாள். ஓரத்தில், தப்புக்காரர்களுக்குப் பின்னால், பெஞ்சின் மேல் ஏறி நிற்கிற ஒரு பொம்பளை. பச்சைச் சேலை. கன்னம் உப்பியிருக்கிறது. வாயில் விசில், அதில் சிவப்புக் கயிறு.

அவளுக்கு ஞாபகமே இல்லை. கடவுள் சத்தியமாக இல்லை. எண்ணிக்கொண்டு நின்றது ஞாபகம் இருக்கிறது; முடிந்தது, முடிந்தது என்று நெஞ்சு அடித்துக்கொண்டது ஞாபகம் இருக்கிறது. வேலை முடிந்தால் விசிலை எடுக்கிற கை, தன்பாட்டுக்கு எடுத்திருக்கிறது. மேற்பிரிவு லயத்தில் அதைக் கேட்டு வளர்ந்த ஐந்து பிள்ளைகளும் தன்பாட்டுக்கு நின்றிருக்கிறார்கள். டவுன் பிள்ளைக்கு அது வெறும் சத்தம்.

"சத்தத்தக் கூட்டவா அக்கா?" என்றான் ரிஃகான். அவன் தனுஜாவையே பார்த்துக்கொண்டிருந்தான், ஓரத்தைப் பார்க்கவில்லை.

"வேணாந்தம்பி," என்றாள். வேகமாகக் கடைப் படியில் இறங்கினாள். கழுத்தில் கிடந்த விசிலைத் தொடவே பயமாக இருந்தது.

வாயை மூடிக்கொண்டிருந்தால் கிண்ணம் பிள்ளைகளுக்கு வந்துவிடும். வேறு யாருக்கும் தெரியாது. பார்வையாளர் ஊதியது என்று தெரிந்தால் கூடை செல்லும், தோற்றது தோற்றதுதான். அவள் எட்டு வருசமாகக் கேட்ட ஒரே விஷயம் நியாயம். இப்போது அதைச் சொன்னால் தன் பிள்ளைகளின் கிண்ணத்தைத் தானே பிடுங்கி அடுத்தவன் கையில் கொடுக்க வேண்டும். இரவெல்லாம் அவளுக்குக் கண் மூடவில்லை.

விடிந்ததும் ஹட்டன் போனாள். மண்டபத்துக்கு வெளியே தனுஜா தனியாக உட்கார்ந்திருந்தாள். அன்று பார்த்ததைவிடச் சின்னப் பிள்ளையாகத் தெரிந்தாள். இவளைக் கண்டதும் எழுந்தாள்.

"நீங்கதானே அம்மா சாட்சி? நான் உங்கள ஒண்ணும் சொல்ல மாட்டேங்க. எல்லாரும் சொல்லிச் சொல்லி, ஊதிட்டுத்தான் மறந்துட்டேனோன்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சு. ஊதினேன்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிடலாம்னு இருக்கேன். அப்பாவ ரோட்டுல போக விட மாட்டேங்கிறாங்க."

செய்யாததைச் செய்தோமோ என்று ஒரு பிள்ளை நம்பத் தொடங்கியிருக்கிறாள். செய்தவள் புதுச்சேலை கட்டிக்கொண்டு சாட்சி சொல்ல வந்திருக்கிறாள். "ஒண்ணும் எழுதிராத தாயி," என்று மட்டும் சொல்லிவிட்டுச் சண்முகவடிவு உள்ளே போனாள்.

போட்டிக் குழுத் தலைவர் செல்லசாமி சார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "விசில் சத்தத்த நீங்க கேட்டீங்களா?"

"கேட்டேங்க."

"யார் ஊதினது?"

சன்னல் வழியாக வராந்தா தெரிந்தது. ஒரு பக்கம் டவுன் பிள்ளைகள். இன்னொரு பக்கம் நம் பிள்ளைகள் ஐந்து பேரும் பணிஸ் ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள். பக்கத்தில் ராசம்மா.

"சொன்னா நம்ப மாட்டீங்க சார்," என்று கயிற்றோடு விசிலை எடுத்து ஊதினாள். பீப், பீப், பீ...ப்.

டவுன் பிள்ளைகள் என்ன சத்தம் என்று திரும்பிப் பார்த்தார்கள், அவ்வளவுதான். நம் பிள்ளைகள் ஐந்து பேருக்கும் கை நின்றுபோனது. சர்மிளாவின் பணிஸ் வாய்க்குப் பக்கத்திலேயே நின்றது. ஒரு கணம் எதுவும் புரியாமல் இருந்தாள். பிறகு தன் கையைப் பார்த்தாள். பிறகு சன்னலைப் பார்த்தாள்.

"பெரியம்மா," என்றாள்.

ரிஃகானிடமிருந்து ஒரிஜினலை வரவழைத்துப் பார்த்தார்கள். கூடை செல்லும் என்று தீர்ப்பாயிற்று. தனுஜா மேல் எந்தக் குற்றமும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அவள் அழவுமில்லை, நன்றி சொல்லவுமில்லை. ஒரு கிளாஸ் தண்ணீர் கேட்டு முழுவதையும் குடித்தாள். திரும்பும் லொறியில் சண்முகவடிவுக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. ராசம்மா முகத்தை மலைப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

திங்கட்கிழமை பத்திரிகை வந்தது. எட்டு வருசமாக அவள் கேட்டது கடைசியில் கிடைத்தேவிட்டது: மலையகக் கூடைப்பந்துக்கு அரைப் பக்கம். நடுவில் அவள் படம். 'ரசிகையின் விசிலால் பறிபோன கிண்ணம்' என்று கொட்டை எழுத்து. உள்ளே அவள் பெயர், வயது, தோட்டம், பிரிவு எல்லாம் அச்சுப் பிசகாமல் இருந்தன.

தேத்தண்ணி நேரத்தில் இருபத்தெட்டுப் பெண்களும் தேயிலைக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்கள். யாரும் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. பத்திரிகையை மடித்து இடுப்பில் செருகி வைத்திருந்தவள், ஒரு வாய் தேத்தண்ணி குடித்துவிட்டு, எடுத்து விரித்து, முதலிலிருந்து சத்தமாக வாசிக்கத் தொடங்கினாள். தன் பெயர் வந்த இடத்தில் நிறுத்திவிட்டாள்.

சனிக்கிழமையிலிருந்து பேசாத ராசம்மா தலையைத் தூக்காமல் கேட்டாள். "எம்மக பேரு இருக்கா?"

சண்முகவடிவு விரலால் தடவித் தேடினாள். "இருக்கு."

"சரியா போட்டுருக்கானா?"

"பெரிய ளாதான் போட்டுருக்கான்."

ராசம்மா கோப்பையைப் புல்லில் வைத்தாள்.

"அப்ப வாசிங்க," என்றாள்.