கடைசியாகக் குளிப்பவள்

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் நாள் முழுக்க நின்றுகொண்டே படுக்கை விரிப்பு மடிப்பவள் அவள். வீட்டுக்கு வந்தால் வெந்நீர் மட்டும் கிடைக்காது. ஹீட்டர் டேங்க் பதினைந்து லிட்டர். குளிப்பவர்கள் ஐந்து பேர். கணவன், இரண்டு பெண்கள், மாமனார் என்று எல்லோரும் முடித்து, பாத்திரத்தையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு இவள் போகும்போது பச்சைத் தண்ணீர்தான் வரும். பதினேழு வருஷமாக இதே கதை. யாரும் கேட்டதில்லை, இவளும் வாய் திறந்ததில்லை.

டேங்க் அடியில் ஓட்டை விழுந்து ஒழிந்தபோதுதான் வாய் திறந்தாள்.

"பழையபடி டேங்க் வெச்சதே வாங்கிடலாம். பழகிப்போச்சு," என்றான் கணவன், கடையில்.

"உங்களுக்குப் பழகிப்போச்சு. டேங்க் இல்லாததுன்னா தண்ணி வர வர சூடாகுமாம். கடைசி ஆளுக்கும் வெந்நீர் இருக்கும். இந்த ஒரு தடவை நான் சொல்றத கேளுங்க."

கடைக்காரர் அதற்கப்புறமும் என்னென்னவோ விளக்கினார். கால் வலி தாங்காமல் எல்லாவற்றுக்கும் தலையாட்டி வைத்தாள்.

முதல் நாள் தோள் சிவக்கச் சிவக்கக் குளித்தாள். அசதி பறந்துபோனது என்றால் பொய்; பாதி குறைந்தது. அந்தப் பாதிக்கே முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

எட்டாம் நாள், குளித்து முடித்த மாமனாரிடம் துண்டு நீட்டினாள். அவர் விரல் சில்லிட்டுக் கிடந்தது. குழாயைத் திறந்து காட்டச் சொன்னாள். நூல் மாதிரி திறந்தார். முப்பது வருஷம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்த மனுஷர். அதற்கு மேல் திறந்து தண்ணீரை வீணாக்க அவருக்குக் கை வராது. பழைய டேங்கில் நூலாக வந்தாலும் சூடாக வரும். இந்த ஹீட்டரோ தண்ணீர் வேகமாக ஓடினால்தான் வேலையே செய்யும். கடைக்காரர் அதைத்தான் சொல்லியிருப்பார், பாவம்.

"எட்டு நாளா பச்சைத் தண்ணியிலயா குளிச்சீங்க மாமா? ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சொன்னா மாத்திடுவீங்க. நீ அன்னிக்கு சிரிச்சிக்கிட்டே வெளிய வந்தியேம்மா. இத்தனை வருஷத்துல நான் அத பாத்ததே இல்ல."

கோபித்துக்கொள்ளக்கூட அவளுக்குத் தெம்பில்லை. குழாயை முழுசாகத் திருகிவிட்டாள். ஆவி பறக்கத் தண்ணீர் கொட்டியது. அதன் பக்கத்திலேயே ஈரத் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

மாமனார் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்.

"அழு, நல்லா அழு. குழாய மூடிட்டு அழும்மா," என்றார்.