ஒரு நாளைக்கு ஏழு துணி

வயர் கூடைய திறந்ததும் வர்ற அந்த வாசம் இருக்கே... டெட்டாலும் மூத்திரமும் கலந்து, பகல் பூரா மூடிக் கிடந்த ஈரத்துணி வாசம். தொண்ணூத்தொம்பதுல தெனமும் சாயங்காலம் எனக்கு அதான். ஸ்கூல் விட்டு வந்து சேலையக்கூட மாத்தாம, அந்தக் கூடையோட பாத்ரூம்ல போயி உக்காருவேன்.

அப்ப நாகல் நகர்ல வாடகை வீடு. அவருக்கு தூத்துக்குடில வேலை, சனிக்கிழமைதான் வருவாரு. எனக்கு செம்பட்டி பக்கம் ஒரு ஸ்கூல்ல டீச்சர் வேலை, இன்னும் பெர்மனன்ட் ஆகல. மக ஷீபாவுக்கு நாலு மாசம். லீவ நீட்டுனா வேலை போயிரும். புள்ளையப் பாத்துக்க ஆளில்ல.

அடுத்த தெரு நூராக்காதான் "நான் பாத்துக்கிறேன் டீச்சர்"ன்னாங்க. அவங்களுக்கே மூணு பிள்ளைங்க. ஒரே ஒரு கண்டிஷன்.

"துணி மட்டும் அலச மாட்டேன். தண்ணிக்கு எங்க போறது? நாளுக்கு வேண்டியத குடுத்துட்டுப் போங்க, நனைஞ்சத கூடைல போட்டு வைக்கிறேன்."

நியாயம்தானே. திண்டுக்கல்ல அப்ப பத்து நாளைக்கு ஒருக்கா குழாய்ல தண்ணி வந்தாலே பெருசு.

ஆக, துணி பத்தலன்னா புள்ளைய விட முடியாது, புள்ளைய விடலைன்னா வேலை இல்ல. இம்புட்டுதான் என் வாழ்க்கை அப்ப.

மொதல்ல கடைல விக்கிற நாடா வச்ச நாப்கின் வாங்குனேன். ஒரு தடவ போனாலே தொடை வழியா வழிஞ்சிரும். அப்புறம் டர்க்கி டவல வெட்டித் தச்சேன். நல்லா உறிஞ்சும்... ஆனா காயவே காயாது, புள்ளைக்கு இடுக்கெல்லாம் செவந்து போச்சு. சின்னாளப்பட்டில இருந்து புதுத் துணி எடுத்தேன், அதுல கஞ்சி வெறப்பு. டயாபர் எல்லாம் கல்யாணம் காட்சிக்குப் போறப்ப மட்டும்தான்.

கடைசில எங்கப்பா சர்ச்சுக்குக் கட்டுற பழைய வேட்டி நாலு. கிழிச்சு, ஓரம் அடிச்சு, நாலா மடிச்சேன். பூ மாதிரி இருந்துச்சு. பதினஞ்சு துண்டு அக்காட்ட, பதினஞ்சு வீட்டுல.

அந்த மொத வாரம்... கூடைல தெனமும் ஏழு துணிதான் ஈரம். மிச்ச எட்டும் மடிச்சது மடிச்சபடி!

"நல்ல துணி டீச்சர், நல்லா தாங்குது"ன்னாங்க நூராக்கா.

எனக்குத் தலை கால் புரியல. ஸ்டாஃப் ரூம்ல அதே பேச்சுதான். "பழைய வேட்டி, நாலு மடிப்பு. ஒரு நாளைக்கு ஏழே ஏழு." கூட வேலை பாத்த கைக்குழந்தைக்காரி ஒருத்தி செஞ்சு பாத்துட்டு, தனக்குப் பதினஞ்சும் பத்தலன்னு சொன்னா. மடிக்கிற விதம் சரியில்லன்னு அவளுக்கு கிளாஸ் எடுத்தேன். இப்ப நெனச்சாலும் வெக்கமா இருக்கு.

ஒருநாள் ஸ்கூல்ல மதியத்தோட லீவு விட்டுட்டாங்க. ரெண்டு மணிக்கு நூராக்கா வீட்டு கேட்டுக்கிட்ட வந்துட்டேன். கேட்டு பாதி தெறந்திருந்துச்சு. உள்ள தூளில ஷீபா தூங்குறா. அக்கா தொவைக்கிற கல்லுக்கிட்ட குத்த வச்சு உக்காந்திருக்காங்க. குடத்துல இருந்து சொம்பு சொம்பா அளந்து ஊத்தி ஒரு துண்ட அலசுறாங்க. கொடில எங்கப்பா வேட்டித் துண்டு அஞ்சாறு காயுது.

காஞ்ச ஒண்ண எடுத்து அவங்க பழக்கத்துல முக்கோணமா மடிச்சாங்க. செத்த நேரம் அதப் பாத்துட்டு, பிரிச்சு, நான் மடிக்கிற மாதிரியே நாலா மடிச்சு கூடை பக்கத்துல வச்சாங்க.

தண்ணி வந்து அன்னைக்கு பன்னெண்டு நாளாச்சு. அவங்க வீட்டு அழுக்குத் துணியெல்லாம் மூலைல குமிஞ்சு கிடந்துச்சு.

உள்ள போயி "ஏங்க்கா இப்படிப் பண்றீங்க"ன்னு கேட்டிருக்கணும். கேக்கல.

கேட்டா அந்த எட்டுத் துணியையும் நான் அலசணும். எனக்குத் தெம்பில்ல. அதான் நெஜம். சத்தம் போடாமத் திரும்பி பஸ் ஸ்டாண்டு போயி ஒரு பெஞ்சுல உக்காந்தேன். தூங்கிட்டேன்னு நெனைக்கிறேன்.

எப்பவும் வர்ற நேரத்துக்குப் போனேன். "இன்னைக்கும் ஏழுதான் டீச்சர்." "ஆமாக்கா, நல்ல துணி"ன்னு கூடைய வாங்கிக்கிட்டேன்.

அதுக்கப்புறமும் எட்டு மாசம் அப்படியே ஓடுச்சு. வேலை பெர்மனன்ட் ஆச்சு. ஒருத்தர்ட்டயும் மூச்சு விடல.

இப்ப ஷீபா கோயம்புத்தூர்ல மாசமா இருக்கா. போன வாரம் துணி டயாபர் படமா அனுப்புறா... யானை போட்டது, பட்டன் வச்சது, உள்ள சொருக மூங்கில் துணியாம். வீட்டுல மெஷின் இருக்கு, குழாயத் திருப்புனா தண்ணி. இருந்தும் பயப்படுறா. "ஒரு நாளைக்கு ஏழு துணில சமாளிச்சேன்னு சொல்வியேம்மா... எந்தத் துணி வாங்கட்டும்?"

பதில் போடுறதுக்கு முன்னாடி ஒரு நம்பரத் தேடி எடுத்தேன். நூராக்கா இப்ப மகன் வீட்டுல, பேகம்பூர்ல இருக்காங்க. போன் போட்டு எல்லாத்தையும் சொன்னேன். கேட்டுல நின்னது, பாத்தது, திரும்பிப் போனது.

"தெரியும் டீச்சர். உங்க செருப்புச் சத்தம் எனக்குத் தெரியாதா? வந்து நின்னுட்டுத் திரும்பிப் போனீங்க. சரி, செத்த நேரம் எங்கயாச்சும் உக்காந்துட்டு வரட்டும்னு விட்டுட்டேன்"ன்னாங்க.

அழுகையா வந்துச்சு. "புள்ள நல்லாருக்கா?"ன்னு கேட்டாங்க. மாசமா இருக்கான்னேன்.

அன்னைக்கே ஷீபாவுக்கு மெசேஜ் போட்டேன். முட்டி வலி இருக்கு, லீவுக்கு ஹெச்.எம். கால்ல விழணும்... இருந்தாலும் போட்டேன்.

"எந்தத் துணினாலும் வாங்கும்மா. அலச நான் வாரேன்."