லெஜேரா, நார்மாலா? பட்டாசு ஆலையில் இரண்டு பிரெஞ்சுக் கார்கள்

என் வீட்டு ஷெட்டில் ஒரு கார்தான் நிற்கும். சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலை முதலாளியிடம் இரண்டு பழைய சித்ரோயன் டிராக்‌ஷன் அவான் இருக்கின்றன, லெஜேர் என்ற சின்னது ஒன்று, நார்மால் என்ற பெரியது ஒன்று, இரண்டில் ஒன்றைத்தான் கொடுப்பார் என்று தெரிந்ததும், ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை கிளம்பினேன். எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். தப்பான காரை வாங்கித் தொலைப்பேனோ என்று ரயிலில் பொட்டுத் தூக்கமில்லை.

காலை 7.10க்கு விருதுநகர். டாக்ஸிக்கு நாள் வாடகை 2,600 ரூபாய். திருத்தங்கலைத் தாண்டி ஆலை, மொத்தம் 28 கி.மீ. "லைட்டர், தீப்பெட்டி ஏதும் வச்சிருக்கீகளா சார்? போனைக்கூட கேட்லயே வாங்கிருவாக," என்றார் டிரைவர். வாங்கித்தான் விட்டார்கள். இந்தப் பதிவில் படம் இல்லாதது அதனால்தான்.

இரண்டுக்கும் ஒரே இன்ஜின், டேஷ்போர்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் அதே கியர். டேப் வைத்து அளந்தேன். லெஜேரைவிட நார்மால் பன்னிரண்டு சென்டிமீட்டர் அகலம்; முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே பதினெட்டு கூடுதல். சரி, சத்தம் கேட்காமல் எப்படி முடிவெடுப்பது? ஆலைக்குள் ஸ்டார்ட் செய்யக்கூடாது; 300 மீட்டர் தள்ளி ரோட்டுக்குக் கொண்டுபோக வேண்டும்.

சாப்பாட்டு நேரத்தில் போர்மேன் ஆட்களைக் கூப்பிட்டார். லெஜேரை ஆறு பேர் சுலபமாகத் தள்ளினார்கள். நார்மாலுக்கு எட்டுப் பேர், அதுவும் மூச்சு வாங்க. அதில் ஸ்டியரிங் பிடிக்க, பாரம் குறையட்டும் என்று, இருந்த தொழிலாளிகளில் ஒல்லியான பாண்டியம்மாளை நான்தான் உட்கார வைத்தேன். பாதி வழியில் சாப்பாட்டு நேரம் முடிந்து மணி அடித்தது. நார்மாலை வேப்பமரத்தடியில் விட்டுவிட்டு அவர்கள் வேலைக்குத் திரும்ப, நான் ரோட்டில் நின்ற லெஜேரிடம் போனேன்.

மணி 1.40. ஸ்டார்ட்டரை இழுத்தேன். டமார்! சைலன்சர் வழியாக ஒரே ஒரு வெடி. அடுத்த நொடி ஆலையில் அபாய மணி. ரூம் ரூமாக ஜனம் திடலுக்கு ஓடுகிறது. என் காரின் சத்தம்தான் அது என்றுகூட உறைக்காமல் நானும் ஓடினேன். வெட்கம்தான், மறைக்கவில்லை.

ரூமுக்கு நாலு பேர் என்பது அங்கே கணக்கு. போர்மேன் எண்ணிக்கொண்டே வந்தவர் நின்றார். "ஏழாம் நம்பர்ல மூணு பேருதான் இருக்கீக! பாண்டியம்மா எங்கன?" பாண்டியம்மாளின் நாத்தனார் தலையிலடித்துக்கொண்டு ஏழாம் ரூமைப் பார்த்து ஓட, நாலு பேர் பிடித்து இழுத்தார்கள். அரை நிமிடமாவது ஆகியிருக்கும், அவரைக் காரில் உட்கார வைத்தது எனக்கு ஞாபகம் வர.

வேப்பமரத்துக்கு ஓடினேன். பாண்டியம்மாள் உள்ளேயிருந்து கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தார். உள்பக்கக் கைப்பிடி சும்மா சுற்றியது. வெளியேயிருந்துதான் திறக்க முடிந்தது.

"மறுபடி தள்ள வருவீகன்னு உக்காந்திருந்தேன். வெடிச்சத்தம் கேக்குது, அம்புட்டுப் பேரும் ஓடுறாக, கதவு தொறக்க மாட்டேங்குது," என்றார். மன்னிச்சிருங்கம்மா என்றேன்.

"எது வேணும் சார்?" என்று முதலாளி கேட்டபோது இரண்டுமே வேண்டாம் என்றுவிட்டேன்.

வாங்கப் போகிறவர்களுக்கு: தனியாக ஓட்டவும் குறுகிய ஷெட்டுக்கும் லெஜேர். பின்சீட்டில் மூன்று பேர் தாராளமாக உட்கார நார்மால். எதுவானாலும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயிருந்து திறந்து பாருங்கள், வெளியே ஒருவரை நிறுத்திக்கொண்டு.

நாலரைக்குப் போனைத் திரும்ப வாங்கும்போது கேட்டருகே பாண்டியம்மாள் நின்றார். "வண்டி எடுக்கலையா சார்?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன்.

"இனிமே யாரையாச்சும் உக்கார வச்சா, எறக்கிவிட்டுட்டு ஓடுங்க."

அவர் சிரிக்கவில்லை.