முதல் பதிலை நம்பாதவர்

செய்தி வாட்ஸ்அப்பில் வந்தது. எங்கள் பள்ளி ஆசிரியர்களின் குழுவில், இரண்டு மெழுகுவர்த்திகளுக்கு நடுவே அருட்தந்தை சவரிமுத்துவின் படம். கீழே "இறைவனில் இளைப்பாறினார்" என்று எழுதியிருந்தது. நான் நம்பவில்லை. உயிரோடு இருப்பவர்களுக்கு அஞ்சலி செலுத்துவது அந்தக் குழுவில் புதிதல்ல. படமும் பழையது, தலையில் நிறைய முடி இருந்தது. யாரோ எதையோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள் என்று நினைத்து அவருடைய எண்ணுக்கே அழைத்தேன்.

வேறு ஒருவர் எடுத்தார். "ஃபாதர் ஃபோன்தானுங்க. இங்க பூசைக்கு ஒத்தாச பண்ற கோயில்பிள்ளை பேசறேன். நீங்க யாருங்க?"

"அந்தச் செய்தி நெசந்தானுங்களா?"

"நெசந்தானுங்க. காலப் பூசைக்கு மணி அடிச்சும் வரலீங்க. போய்ப் பாத்தா நாற்காலியில உக்காந்தவாக்குல இருக்கறாரு. டாக்டரு மாரடைப்புன்னு சொல்லீட்டாரு." பிறகு மறுபடியும் கேட்டார். "நீங்க யாருன்னு சொல்லலீங்களே?"

சொந்தம் என்றேன்.

"எந்த வகையில சொந்தமுங்க?"

"மாமன் மகள்."

"மாமன் மகளுங்களா?" என்று இழுத்தார். தமிழ்நாட்டில் ஒரு சாமியாரின் மாமன் மகள் என்று ஒரு பெண் அழுகிற குரலில் சொன்னால் எதிரில் இருப்பவர் என்ன நினைப்பார் என்பது எனக்குத் தெரியும். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அடக்கத்தன்றும் உங்களில் சிலர் என்னை அப்படித்தான் பார்த்தீர்கள். நினைவு மலருக்கு எழுதச் சொல்லிப் பங்குப் பேரவையினர் கேட்டபோது, அந்தப் பார்வைக்கும் சேர்த்தே எழுதிவிடலாம் என்று ஒப்புக்கொண்டேன்.

அவரை நீங்கள் பங்குத்தந்தையாக அறிவீர்கள். எனக்கு அவர் என் அத்தை மகன். கொல்லிமலையில் வாழவந்தி நாட்டில் எங்கள் இரண்டு வீடுகளுக்கும் நடுவே ஒரு குச்சிக்கிழங்குக் காடு மட்டும்தான். நாங்கள் இந்துக்கள். என் அத்தை, எங்கள் சனத்திலேயே வேதத்தில், அதாவது கிறித்தவத்தில், சேர்ந்திருந்த ஒரு குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். சாமி வேறானாலும் முறை மாறாது என்பது என் அப்பாவின் கணக்கு. ஆகவே நான் பிறந்ததிலிருந்தே சவரி மச்சானுக்கு உரியவள் என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். அவர் குருமடத்தில் சேர்ந்த பிறகும் அந்தப் பேச்சு முழுதாக நிற்கவில்லை. "படிக்கட்டும். படிச்சவனெல்லாம் சாமியாராயிடறானா?" என்பார் அப்பா.

நான் சொல்ல வந்தது, குருப்பட்டத்துக்கு முன்பு அவர் ஊருக்கு வந்த கடைசிக் கோடை விடுமுறையைப் பற்றி. நான் அப்போது நாமக்கல்லில் கல்லூரி முடித்துவிட்டு வந்திருந்தேன். பஸ்ஸிலிருந்து அவர் ஒரு பெரிய தகரப் பெட்டியோடு இறங்கியதை நானும் பார்த்தேன். டீக்கடைக்காரர் தம்ளரைக் கழுவியபடியே விசாரணையைத் தொடங்கினார்.

"ஏனுங்க, லீவுங்களா, இல்ல ஒரேயடியாவா?"

"லீவுதானுங்க."

"இல்ல, பொட்டி பெருசா இருக்குதேன்னு கேட்டேன்."

"புஸ்தகமுங்க."

"லீவுக்கு வாரவன் எதுக்குப் புஸ்தகத்தத் தூக்கீட்டு வாரான்?" என்று டீக்கடைக்காரர் அவரை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். அன்று சாயங்காலத்துக்குள் குருமடத்திலிருந்து அவரை அனுப்பிவிட்டார்கள் என்ற பேச்சு மலையில் குண்டூர் நாடு வரை போய்விட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இதைவிடப் பெரியது ஒன்று கிளம்பியது. கோயிலில் பூசை முடிவில் அவருடைய பெயரை வாசித்தார்கள். உங்களுக்கு இது தெரிந்ததுதான். கல்யாணத்துக்கு ஓலை வாசிப்பதைப் போலவே, குருப்பட்டம் பெறப் போகிறவரின் பெயரையும் அவருடைய சொந்த ஊர்க் கோயிலில் அறிவிப்பார்கள். இவருக்குத் தடை ஏதும் இருப்பதாக யாருக்காவது தெரிந்தால் பங்குச் சாமியாரிடம் வந்து சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்வார்கள். ஆனால் மலையில் மற்றவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: வேதக்காரர்கள் கோயிலில் பெயர் வாசித்தால் கல்யாணம். அதற்கு முன்பு எங்கள் பகுதியிலிருந்து யாரும் சாமியார் ஆனதில்லை. அதனால் வேறு எதற்காகவும் பெயர் வாசித்து யாரும் கேட்டதில்லை.

அப்பா மிளகுக் கொடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். யாரோ வந்து சொன்னதும் குடத்தை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

"சவரி பேர வாசிச்சாங்களாம்."

"கேள்விப்பட்டேனுங்கப்பா. அது..."

"பொண்ணு பேர வாசிக்கலையாம். பையன் பேர மட்டும் வாசிச்சாங்களாம். ஏன் மறைக்கறாங்க?"

"பொண்ணே இல்லீங்கப்பா. அவர் சாமியாரா ஆகறதுக்கு வாசிக்கறது அது."

"உன்கிட்ட அப்படிச் சொன்னானா?" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கீழ்நாட்டுப் பொண்ணு. எதோ டவுன்காரி. தாய்மாமன்கிட்ட ஒரு வார்த்த கேட்டாங்களா? தடை இருந்தா வந்து சொல்லச் சொன்னாங்களாம்ல? அடுத்த வாரம் நான் போய்ச் சொல்றேன். என்ற புள்ளதான் தடை."

அப்பா சும்மா மிரட்டுகிறவர் இல்லை. போனால் சொல்லிவிடுவார். தாய்மாமனே வந்து, இவனுக்கு ஏற்கெனவே பெண் பேசியிருக்கிறது என்று சொன்னால், பங்குச் சாமியார் மேலே எழுதித்தான் ஆக வேண்டும். பட்டம் நின்றுபோகும். அப்படி நின்றதன் காரணமாக என் பெயர் அந்த மலையில் காலம் முழுக்க இருக்கும்.

இதை மச்சானிடம் சொல்லிவிடலாம் என்று தினமும் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவரோ வீட்டில் தங்கவே இல்லை. தனக்குப் பிடித்த இடங்களையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓடையில் பாறை குழிந்து நிற்கும் மடு, அவருடைய அப்பா வைத்த பலா மரங்கள், புளியஞ்சோலைக்கு இறங்கும் தடத்தில் துறையூர்ப் பக்கத்துச் சமவெளி தெரியும் திருப்பம். கூப்பிட்டால் நானும் போவேன். நான் போனால் அத்தையும் வருவார், கையில் ஒரு சாக்கோடு. சுள்ளி பொறுக்க என்று சொல்லிக்கொள்வார். ஒரு நாளும் அந்தச் சாக்கில் சுள்ளி விழுந்து நான் பார்க்கவில்லை. அவர் எதிரில் அப்பாவின் பேச்சை எடுக்க முடியவில்லை. அத்தைக்கு அவர் ஒரே பிள்ளை, கணவரும் போய்விட்டார். பிள்ளையைக் கடவுளுக்குக் கொடுப்பதென்று அவர் மனதைத் தேற்றி முடித்திருந்தார். கொடுத்ததை நான் குறுக்கே வந்து எடுத்துக்கொள்வேனோ என்று அவருக்குப் பயம்.

"நீ படிச்சவ கண்ணு. உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல" என்றார் ஒரு நாள், மகன் கொஞ்சம் முன்னால் நடந்தபோது.

"என்ன அத்தை?"

"ஒண்ணும் இல்ல. சும்மா சொன்னேன்."

எனக்கு அத்தைமேல் கோபம் வரவில்லை. ஏனென்றால் அவருக்கு என்மேல் இருந்த சந்தேகம் எனக்கு அவர் மகன்மேல் இருந்தது. ஓடைக்கு மேல் அவர்களுக்கு ஒரு துண்டு நிலம் உண்டு. அன்று மச்சான் அந்த நிலத்தின் நடுவில் போய் நின்று நாலாபுறமும் பார்த்தார். காலால் மண்ணில் கோடு இழுத்தார்.

"தேவகி, இங்க ஒரு ஊடு கட்டுனா வாசப்படி எந்தப் பக்கம் வெக்கோணும்?"

அத்தை சாக்கைக் கீழே போட்டுவிட்டார். "உனக்கு எதுக்கு சாமி ஊடு?"

"சும்மா கேட்டேம்மா."

சும்மா என்ற சொல்லை அன்று இரண்டு பேரிடம் கேட்டுவிட்டேன். இரண்டையும் நம்பவில்லை. இவர் இடங்களிடம் விடைபெறுகிறாரா, இல்லை திரும்பி வருவதற்கு இடம் பார்க்கிறாரா என்று புரியவில்லை. இறங்கும் வழியில், அத்தை சற்றுப் பின்தங்கியபோது, அப்பா செய்யப் போவதைச் சொன்னேன். அவர் பதறவில்லை. "மாமா சொல்றதுலயும் நாயம் இருக்குது. அவர யாரும் கேக்கலதான்" என்றார். அந்த நிதானம் என் சந்தேகத்தை இன்னும் வளர்த்தது.

சனிக்கிழமை காலையில் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். வெள்ளை வேட்டி, கையில் தட்டு. தட்டில் வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம். பின்னாலேயே அத்தை. முறைப்பெண் இருக்கும்போது வேறு இடத்தில் பெண் எடுப்பவர்கள் தாய்மாமன் முன்னால் வெற்றிலை வைத்து உத்தரவு கேட்பது எங்கள் வழக்கம். மாமன் வெற்றிலையை எடுத்துவிட்டால் மனத்தாங்கல் இல்லை என்று பொருள். அவர் தட்டை அப்பாவின் முன்னால் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

அப்பா தட்டைத் தொடவில்லை. "யாரு பொண்ணு?"

"பொண்ணு இல்லீங்க மாமா."

"பொண்ணு இல்லாம வெத்தல எதுக்கு?"

"பொண்ணு இல்லீன்னாலும் முறைன்னு ஒண்ணு இருக்குதுங்களே. வேற பொண்ணக் கட்டறதுக்கே கேக்கோணும்னா, யாரையுமே கட்டாம இருக்கறதுக்கும் கேக்கோணும்ல."

அப்பா வெகுநேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏமாற்று எதுவும் பிடிபடவில்லை போலிருக்கிறது. "என்னைக் கேட்டு என்ன மாப்ள? அவளக் கேளு" என்றார்.

மச்சான் என் பக்கம் திரும்பினார். "தேவகி, நான் சாமியாராப் போறதுல உனக்கு ஏதாச்சும் தடை இருக்குதா?"

"இல்லீங்க" என்றேன். கேள்வி முடியும் முன்பே சொல்லிவிட்டேன்.

அப்பாவின் கை தட்டுக்குப் போயிற்று. மச்சான் "இருங்க மாமா" என்றார். "அவ இன்னும் பதில் சொல்லல."

"அதான் சொல்லீட்டாளே, எந்திரி சாமி" என்றார் அத்தை.

"அது உங்களுக்கெல்லாம் சொன்னதும்மா. யோசிச்சுச் சொல்லு தேவகி. அவசரம் ஒண்ணும் இல்ல."

அன்றுவரை யாரும் என்னை அப்படிக் காத்திருந்து கேட்டதில்லை. அவருக்கு நான் என்று மற்றவர்கள் சொன்னார்கள். பிறகு இல்லை என்று மற்றவர்களே சொன்னார்கள். எனக்கு அவர் வேண்டுமா என்று நானே என்னைக் கேட்டுக்கொண்டது அப்போதுதான். வேண்டும் என்றும் தோன்றியது. அதே சமயம் அவருடைய முகத்தில் எதையோ தேடினேன். இந்த மனிதர் உத்தரவு கேட்க வந்திருக்கிறாரா, இல்லை நான் தடுக்க வேண்டும் என்று வந்திருக்கிறாரா? மண்ணில் அவர் இழுத்த கோடு கண்ணுக்குள் நின்றது.

"தடை இருக்குதுன்னு சொன்னா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"நின்னுக்குவேன்."

"என்ன சாமி சொல்ற?" என்றார் அத்தை. எனக்கு அழுகைக்குப் பதிலாகக் கோபம் வந்தது.

"நிக்கறதா இருந்தா நீங்களே நில்லுங்க மச்சான். என்ற பேரச் சொல்லி நிக்க வேண்டாம். போறதா இருந்தாலும் அப்படித்தான். எனக்குத் தடை இல்லீங்க."

அவர் தலையசைத்தார். "இது பதில்" என்றார். அப்பா ஒரு வெற்றிலையை எடுத்துக் காம்பைக் கிள்ளினார். "வெத்தல எளசா இருக்குது. சேந்தமங்கலத்துல வாங்குனதா?" என்றார். அதோடு விஷயம் முடிந்தது. ஆனால் அப்பாவின் சந்தேகம் முழுதாகத் தீரவில்லை. பட்டம் கொடுத்த நாளில் முன் வரிசையில் உட்கார்ந்துகொண்டு, பூசை முழுவதும் அந்த டவுன்காரியைத் தேடுவதுபோல அவர் பெண்கள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிந்தைய ஆண்டுகளை என்னைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள். ஓலை கொடுக்க வருகிற பெண்ணைத் தனியாக உட்காரவைத்து, இந்தக் கல்யாணத்தில் உனக்குச் சம்மதமா என்று அவர் கேட்பதும், சம்மதம் என்ற பிறகு கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்பதும் உங்கள் பங்கில் பிரசித்தம். அவருக்கு நீங்கள் வைத்திருந்த பட்டப்பெயர்கூட எனக்குத் தெரியும்: சந்தேகச் சாமியார். ஒரு பெண்ணின் அப்பா, "மண்டபத்துக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு ஃபாதர், இப்பப் போய் அவளக் குழப்பறீங்களே" என்று சண்டைக்கு வந்ததையும், "கல்யாணம் மண்டபத்துக்கு இல்லீங்களே" என்று தான் சொன்னதையும் அவரே என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். அந்தப் பெண், அவர் இரண்டாம் முறை கேட்டபோது வேண்டாம் என்று சொன்னவள். "சட்டுனு வர்ற பதில் எதிர்ல இருக்கறவங்களுக்கான பதில். அவங்க பதில் அதுக்குப் பின்னால மெதுவா வரும்" என்பார். இதை எங்கே கற்றார் என்று உங்களிடம் சொன்னாரா, தெரியாது. என்னிடம் சொன்னதில்லை.

கடந்த பொங்கல் விடுமுறையில் மலைக்கு வந்திருந்தார். அத்தை போன பிறகு அந்த வீடு பூட்டித்தான் கிடக்கிறது. நானும் என் கணவரும் ஊருக்கு வந்திருப்பது தெரிந்து எங்கள் வீட்டில் சாப்பிட்டார். சாமைச் சோற்றை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நான் பஸ் ஏற்றிவிடப் போனேன். இருவருக்கும் தலை நரைத்துவிட்டது. இனி கேட்டால் தப்பில்லை என்று தோன்றியது.

"மச்சான், அன்னைக்கு நீங்க வெத்தல வெச்சது உத்தரவு கேக்கறதுக்கா, இல்ல நான் தடை சொல்லீருவேன்னு எதிர்பார்த்தா?"

"சேச்சே, உத்தரவு கேக்கத்தான் தேவகி" என்றார்.

சட்டென்று வந்த பதில். நான் கேட்டு முடிக்கும் முன்பே வந்த பதில். அவருடைய முறைப்படி நான் சற்று நேரம் பேசாமல் நின்று மறுபடியும் கேட்டிருக்க வேண்டும். பஸ் வருவதற்கு நேரமும் இருந்தது. அவர் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கேட்பேன் என்று காத்திருந்தாரோ, கேட்டுவிடக் கூடாதே என்று நின்றாரோ, அதுவும் எனக்குத் தெரியாது. நான் குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று மட்டும் கேட்டேன்.

அவருடைய புத்தகங்களைக் குருமடத்துக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். உடுப்புகளையும் யாருக்கோ கொடுத்திருப்பார்கள். அவற்றில் எதையும் நான் கேட்கவில்லை. அவருடைய முதல் பதில் என்னிடம் இருக்கிறது. அதை நான் நம்பவில்லை. நம்பாமலே வைத்திருக்கிறேன்.