அறுபத்தைந்தை ஐம்பத்தாறு என்று எழுதிய கண்

முதலில் காணாமல் போனவை கோடுகள். மனு எழுதுவதற்காக வாங்கி வைத்திருந்த கோடு போட்ட தாளில் மேலே நாலைந்து கோடுகள் தெரிந்தன. அதற்குக் கீழே வெறும் வெள்ளை. அச்சகத்தில் மையைக் குறைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். சிவகாசிக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு அச்சைக் குறை சொல்கிறோமே என்று எனக்கே சிரிப்பு வந்தது. கண்ணைச் சந்தேகிக்கத் தோன்றவில்லை.

திருத்தங்கலை ஒட்டிய ஒரு சிற்றூரில் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அப்போது எனக்கு அறுபத்து மூன்று வயது. கணவர் இல்லை. மகள் கோயம்புத்தூரில் இருக்கிறாள். கணவரின் அக்கா பொன்னுத்தாயும் நானும் அரசு கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடு ஒன்றில் வசிக்கிறோம். பட்டாசுக் கம்பெனிக்காக அவர் வீட்டிலிருந்தே காகிதக் குழாய் சுற்றிக்கொடுப்பார். என்னைவிட ஐந்து வயது மூத்தவர். ஆனால் தெருமுனையில் வரும் ஆளின் சட்டையில் எத்தனை பொத்தான் என்று சொல்லிவிடுவார்.

பள்ளிக்கூட வளாகத்தில் வேலை பார்த்ததால் ஊரில் எனக்கு 'டீச்சரம்மா' என்று பெயர். ஓய்வுக்குப் பிறகு அந்தப் பெயருக்கு ஒரு வேலையும் சேர்ந்தது. முதியோர் உதவித்தொகைக்கும் வீட்டுக்கும் பட்டாவுக்கும் வயதானவர்கள் என்னிடம்தான் மனு எழுதி வாங்கிப் போவார்கள். எந்த அலுவலகத்துக்கு எந்தச் சான்றிதழ் வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம்.

அப்படி எழுதிய மனுக்களில் ஒன்று திரும்பி வந்தது. சுடலைமுத்து அண்ணனுடையது. லாரியில் லோடு ஏற்றி இறக்கி முதுகு விட்டுப்போன மனிதர். மனைவி இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. திரும்பி வந்த தாளை என் கையில் கொடுத்து, "என்ன போட்டிருக்காக டீச்சரம்மா?" என்று கேட்டார்.

தாளை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வாசித்தேன். மனுதாரரின் வயது 56 என்று இருப்பதால் தகுதியில்லை என்று எழுதியிருந்தது.

"அண்ணே, ஒங்க வயசத் தப்பா எழுதிட்டேன். அறுபத்தஞ்ச அம்பத்தாறுன்னு மாத்திப் போட்டிருக்கேன்" என்றேன்.

அவர் சிரித்தார். "ஒம்பது வருசத்தக் கொறச்சிட்டீகளே! எம்பொண்டாட்டி இருந்திருந்தா சந்தோசப்பட்டிருப்பா."

எனக்குச் சிரிக்க வரவில்லை. என் பிழையால் அந்த மனிதர் இன்னும் எத்தனை மாதம் அடுத்தவர் வீட்டு வாசலில் நிற்க வேண்டுமோ! நல்ல கண் உள்ள வேறு யாரிடமாவது எழுதி வாங்கிக்கொள்ளச் சொன்னேன். அவர் தாளை மடித்து என் மடியிலேயே வைத்தார்.

"தப்பா எழுதுனது நீங்க. நீங்களே திருத்துங்க. மொதல்ல கண்ணக் காட்டிட்டு வாங்க. நா எங்கயும் போயிரல."

குழாய் சுற்றிக்கொண்டிருந்த பொன்னுத்தாய் மதினி தலையைத் தூக்கினார். "கண்ணு தெரியலங்கத எத்தன நாளா மறைக்கே ராசம்மா? போன வாரம் கடுகுன்னு எள்ளப் போட்டுக் கொழம்பு தாளிச்சே. நா வாயத் தொறக்காமத் தின்னேன்."

உண்மைதான், மறைத்திருந்தேன். விளக்கைச் சுற்றி வளையம் வளையமாகத் தெரிவதும், வெயிலில் எதிரே வருபவர் முகம் புகைபோல் கலைவதும் எனக்குத் தெரிந்துதான் இருந்தது. பயம். என் இளவயதில் எங்கள் தெருப் பெண் ஒருத்தி கண் அறுவை செய்துகொண்டு, புட்டிக் கண்ணாடியோடு வாசற்படியைத் தடவித் தடவி இறங்கியதைப் பார்த்திருக்கிறேன். இதை வாசிக்கும் உங்களுக்கும் அப்படி ஒரு படம் மனதில் இருக்கக்கூடும். அந்தக் காலம் போய்விட்டது என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

அடுத்த வாரமே எங்கள் பள்ளிக்கூடத்தில் அரசு இலவசக் கண் சிகிச்சை முகாம் நடந்தது. நான் அரிசி அளந்துகொடுத்த அதே வராந்தாவில் வரிசையில் உட்கார்ந்தேன். சுவரில் மாட்டிய அட்டையில் முதல் எழுத்தைத் தவிர எதுவும் தெரியவில்லை. இளம் பெண் மருத்துவர் ஒருவர் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார்.

"ரெண்டு கண்ணிலும் புரை இருக்கும்மா (கண்மணிக்குப் பின்னால் இருக்கும் இயற்கை லென்ஸ் பால்போல் மங்கிப்போவது). வலது கண்ணில் நல்லா முத்திருச்சு. அதை எடுத்துட்டு உள்விழி லென்ஸ் (கண்ணுக்குள்ளேயே நிரந்தரமாக வைக்கும் சிறு செயற்கை வில்லை) வைப்போம். புட்டிக் கண்ணாடி எல்லாம் வேண்டாம்" என்றார்.

அன்றைக்கே அறுவைக்கு வேனில் அழைத்துப் போவார்கள் என்று மதினி துணிப்பையோடு வந்து நின்றார். ஆனால் விரல் நுனியில் எடுத்த ஒரு சொட்டு ரத்தம் என்னைத் தடுத்துவிட்டது. எனக்குச் சர்க்கரை நோய் இருப்பது அன்றுதான் தெரிந்தது. அது கட்டுக்குள் வராமல் கத்தி வைத்தால் புண் ஆறாது, கிருமி தொற்றிவிடும் என்றார் மருத்துவர். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை வாங்கிக்கொண்டு, அடுத்த முகாமுக்கு வரச் சொன்னார். ஒரு நோயைக் காட்டப் போய் இரண்டு நோயோடு வீடு திரும்பினேன்.

அன்று மாலை நான் படுத்தே கிடந்தேன். மதினி படுக்கவிடவில்லை. "சீனிதான அடங்கணும்? அடக்கிருவோம்" என்று சொல்லிவிட்டு, சர்க்கரை டப்பாவை எடுத்துப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார்.

மறுநாள் விடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு கண்மாய்க்கரைக்கு நடக்கக் கூட்டிப்போனார். மூன்றாவது நாள் பார்த்தால் கரையில் சுடலைமுத்து அண்ணன் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு நிற்கிறார். "மனு எழுதுத கை நல்லாயிருக்கணும்லா? நானும் நடக்கேன்" என்றார். முதுகு வலிக்காரர் எங்களோடு பாதிக் கரை வரை வருவார். அங்கே ஒரு கல்லில் உட்கார்ந்து, நாங்கள் திரும்பும்வரை காத்திருப்பார்.

டீக்கடையிலும் எனக்கு விடுதலை இல்லை. கடைக்காரரிடம் அண்ணன் சொன்னது எனக்கு நன்றாகவே கேட்டது: "டீச்சரம்மாவுக்குச் சீனி போட்டீகன்னா, நா இங்கன கட வாசல்லயே ஒக்காந்துருவேன். வார ஆளுகட்டயெல்லாம் எங்கதையச் சொல்லுவேன்." அவர் கதை எவ்வளவு நீளம் என்பது கடைக்காரருக்குத் தெரியும். அதன்பிறகு அந்தக் கடையில் எனக்குச் சர்க்கரை கிடைத்ததே இல்லை.

கம்பங்கூழ், கீரை, மாத்திரை, நடை. இரண்டு மாதம் இப்படி ஓடியது. கிராம சுகாதாரச் செவிலியர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "இப்ப போகலாம் டீச்சரம்மா" என்று சொன்னபோது, பரீட்சையில் தேறிய பிள்ளைபோல மதினியைப் பார்த்தேன். மதினியோ தான்தான் தேறியதுபோல நின்றார்.

முகாம் வேனில் விருதுநகருக்குப் போனோம். நோயாளிகள் ஒன்பது பேர், துணைக்கு வந்தவர்கள் தனி. எல்லோருக்கும் அறுபதுக்கு மேல். ஆனால் வேன் புறப்பட்டதும் ஏற்பட்ட கலகலப்பில் திருச்செந்தூருக்குச் சுற்றுலா போகிற கூட்டம்போல் ஆகிவிட்டோம். துணைக்கு வந்த ஓர் அம்மா முறுக்கு கொண்டுவந்திருந்தார். மதினி என் பங்கையும் சேர்த்துத் தின்றார்.

அரசு மருத்துவமனையில் படுக்கை, சாப்பாடு, மருந்து எல்லாம் இலவசம். மறுநாள் காலை எந்தக் கண்ணில் அறுவை என்று தெரிவதற்காக நெற்றியில் வலது பக்கம் மையால் ஒரு குறி போட்டார்கள். கண்ணருகில் ஊசி (அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்வது) போடும்போது வலித்தது. பொய் சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகு வலி இல்லை. யாரோ கண்ணில் விரல் வைத்து அழுத்துவதுபோல ஓர் உணர்வு, அவ்வளவுதான்.

மேலே இருந்த விளக்கு ஊதாவாகவும் சிவப்பாகவும் கரைந்து ஓடியது. மருத்துவரிடம், "லென்ஸு எம்புட்டு வருசம் தாங்கும்?" என்று கேட்டேன். "பேசாம அசையாம இருங்கம்மா. நீங்க எவ்வளவு வருஷம் இருக்கீங்களோ அதுக்கு மேலயும் இருக்கும்" என்றார். அரை மணி நேரத்துக்குள் நடந்தே வெளியே வந்தேன்.

அடுத்த நாள் காலையில் செவிலியர் கட்டைப் பிரித்தார். கண்ணில் நீர் கோத்திருந்தது. ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டு, கையை உயர்த்தி, "எத்தனை விரல்?" என்று கேட்டார்.

"மூணு" என்றேன். "ஒங்க வாட்ச்சு நின்னுபோச்சு சிஸ்டர். இன்னும் அஞ்சு மணியிலயே நிக்கி."

அவர் கையைத் திருப்பிப் பார்த்தார். வார்டே சிரித்தது. கட்டுப் பிரிக்காத பெண்கள்தான் அதிகம் சிரித்தார்கள்.

அப்புறம் மதினி பக்கம் திரும்பினேன். தாடையில் பச்சை குத்திய மூன்று புள்ளிகள். நாலைந்து ஆண்டுகளாக அந்தப் புள்ளிகளை நான் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கன்னம் ஒட்டியிருந்தது. கழுத்து சுருங்கியிருந்தது. கறுப்பு முடியைத் தேடினேன்.

"என்ன அப்புடிப் பாக்கே?"

"மதினி, ஒங்களுக்கு முடி பூராவும் நரைச்சுப்போச்சு."

"ஆமா, ஒனக்கு மட்டும் கருகருன்னு இருக்காக்கும்! வீட்டுக்குப் போய்க் கண்ணாடியப் பாரு, தெரியும்" என்றார். சொல்லிக்கொண்டே முந்தானையால் முகத்தைத் துடைத்தார். என் கண்ணைக் கசக்கக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்ததால், எனக்கும் சேர்த்து அவரே அழுதார்.

பிறகு நாற்பது நாள் கட்டுப்பாடு. குனியக்கூடாது, தலைக்கு ஊற்றக்கூடாது, அடுப்புப் புகை ஆகாது. நாளுக்கு ஆறு முறை சொட்டு மருந்து. இந்த நாட்களை நீங்கள் எளிதாக நினைத்துவிட வேண்டாம். அறுவையைவிட இதற்குத்தான் பொறுமை வேண்டும். உறுத்தல் கூடினாலோ பார்வை மங்கினாலோ உடனே மருத்துவரிடம் போய்விடுங்கள்.

கெடு முடிந்ததும் படிப்பதற்கு மெல்லிய கண்ணாடி ஒன்று கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு செய்த முதல் காரியம் சுடலைமுத்து அண்ணனின் மனு. தாளில் கோடுகள் கடைசிவரை இருந்தன. வயது 65 என்று எழுதி, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் எழுத்தாலும் எழுதினேன். அவருக்கு வாசிக்கத் தெரியாது. இருந்தாலும் தாளைத் தூரத்தில் பிடித்துப் பார்த்து, "இப்பத்தான் வரி நெளியாம நேரா நிக்கி" என்றார்.

தாலுகா அலுவலகத்துக்கு மூவரும் போனோம். கிராம நிர்வாக அலுவலர் அண்ணன் வீட்டுக்கே வந்து விசாரித்தார். சில மாதம் கழித்து அண்ணனுக்கு உத்தரவு வந்தது. முதல் மணியார்டரும் வந்தது. அன்று அவர் வேட்டியை வெளுத்துக் கட்டிக்கொண்டு, கையில் ஒரு பையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"இனிப்பு வாங்கத்தான் போனேன். ஒங்க ஒடம்ப நெனச்சேன்" என்று பையைத் திறந்தார். உள்ளே பாகற்காய். மதினி அன்று அதைப் பொரித்தார். மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். அவ்வளவு கசப்பான விருந்தை அவ்வளவு சிரித்துக்கொண்டு நான் சாப்பிட்டதில்லை.

அடுத்த ஆண்டு இடது கண்ணிலும் அறுவை முடிந்தது. என் உடம்பைப் பற்றி இப்போது வேறு மாதிரி நினைக்கிறேன். முழங்காலுக்கு அறுபத்தைந்து வயது, பல்லுக்கும் அதே. ஆனால் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் ஒன்றுக்கு இரண்டு வயது, மற்றொன்றுக்கு ஒன்றுகூட நிறையவில்லை. முன்பெல்லாம் காலையில் எழுந்தால் இன்னும் எத்தனை நாளோ என்றுதான் தோன்றும். இப்போது இன்றைக்கு யாருக்கு மனு எழுத வேண்டும் என்று தோன்றுகிறது. எழுதுகிறேன், எண்களை மட்டும் இரண்டு தடவை பார்க்கிறேன்.

போன மாதம் திருத்தங்கலில் தள்ளுவண்டியில் ஒருவர் மாங்கன்று விற்றார். இலைகள் புதிதாகத் துளிர்த்து, செம்பும் பச்சையும் கலந்த ஒரு நிறத்தில் பளபளத்தன. அந்த நிறத்துக்கு எனக்குப் பெயர் தெரியவில்லை. வாங்கிவந்து வீட்டுக்குப் பின்னால் குழி தோண்டினேன். மதினி இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தார்.

"இது காய்க்க அஞ்சாறு வருசம் ஆகும்லா?"

"ஆகட்டும்."

"காய்ச்சாலும் ஒனக்கு மாம்பழம் ஆகாதே, அப்புறம் எதுக்கு?"

மண்ணை அள்ளிக் கன்றைச் சுற்றிப் போட்டுக்கொண்டே சொன்னேன்: "பாக்கத்துக்குத்தான் மதினி."